வீராசாமி ஜீப்பின் பின் டிஃபரன்ஷியல்

1. முகம் திருப்பி வந்த வண்டி

இலங்கை மலைநாட்டில், அட்டன் பஜாருக்குக் கீழே இருந்த ஒரு கராஜில் நான் தலைமை மெக்கானிக்காக இருந்த காலம் அது, அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை மெக்கானிக் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். மேசனும் பாஸ், தச்சனும் பாஸ், வண்டி திருத்துகிறவனும் பாஸ். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் பெயர் என் வீட்டில் மட்டும் புழக்கத்தில் இருந்தது.

ஒரு காலையில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லொறி, ஒரு ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி லொறியோடு கட்டியிருந்தார்கள். முன் சக்கரங்கள் மட்டும் உருண்டன. ஆகவே ஜீப்பு வந்த வழியைப் பார்த்தபடியே வந்தது. ஸ்டியரிங்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தும், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் டிரைவர் வீராசாமி. எதற்கு அந்தப் பிடி என்று கேட்டேன்.

"தனியா விட்டா பயந்துக்குமுங்க பாஸ்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. காரணம், லொறியின் முன் சீட்டிலிருந்து, தோட்டத்தை நடத்தும் துரை இறங்கிக்கொண்டிருந்தார்.

துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைத்துவிடாதீர்கள். இவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. தமிழை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்களிடமே கற்றவர். ஆகவே வார்த்தைகள் எங்களுடையவை, அதிகாரம் மட்டும் அவருடையது.

"பாஸ், பின்னால டிப்பு உடைஞ்சிருக்கு. மாத்திக் குடு. ஏன் உடைஞ்சதுன்னும் சொல்லு. இவன் பிழைன்னா, இவன் நாளையிலேருந்து மலை வேலைக்குப் போகணும். ஸ்டியரிங் வேற ஆளுக்கு."

வீராசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவர் அவர். டிரைவர் வேலையோடுதான் அந்தத் தனி வீடும் கிடைத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். ஐம்பது வயதில் மறுபடி மண்வெட்டியும் லயத்து ஒற்றை அறையும். இதையெல்லாம் துரை போன பிறகு நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

2. கழற்றியதும் கண்டதும்

இளையவர்களுக்காகக் கொஞ்சம் தொழில் சொல்கிறேன். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு டிஃபரன்ஷியல், துரை சொன்ன டிப்பு. எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியைப் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் வாங்கி, கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கும். அதிலிருந்து, சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு பக்கத்து ஆக்ஸிலுக்கும் போகும். வளைவில் திரும்பும்போது உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற வேண்டும். அந்தப் பங்கீட்டைச் செய்வது இதுதான். வளைவே வாழ்க்கையாக இருக்கிற எங்கள் ஊரில் இதற்கு ஓய்வு கிடையாது.

ஜீப்பை ஜாக்கில் தூக்கி, கட்டைகள் வைத்து நிறுத்தினோம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். அப்படிப் படுத்த ஒருவரை எனக்குத் தெரியும், அந்தக் கதை இங்கே வேண்டாம். முதலில் ஆயில் பிளக்கைத் திறந்தேன். கறுப்பாகக் கொஞ்சம் வடிந்து அதோடு நின்றுவிட்டது. விரலில் தேய்த்துப் பார்த்தால் வெள்ளித் தூள்போல இரும்பு மின்னியது. ஆயில் இல்லாமலே ஓடியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆயில் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. "அண்ணே, ஆயில் பாக்கவே மாட்டீங்களா?" என்று அடியில் படுத்தபடியே கத்தினேன்.

"சர்வீஸுல ஊத்துறப்ப நானே பக்கத்துல நின்னு பாத்தேனுங்க. வழியிற வரைக்கும் ஊத்துனாங்க," என்றார் வீராசாமி. அவர் வேலைக்குப் போகாமல், சாப்பிடவும் போகாமல், என் கால்மாட்டில் குந்தியிருந்தார்.

இரண்டு பக்கத்து ஹப்பிலும் போல்ட்டுகளைக் கழற்றி ஆக்ஸில்களை வெளியே உருவினேன். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டை அடையாளம் போட்டுக் கழற்றி ஓரமாகக் கட்டினேன். ஹவுசிங் என்கிற இரும்புக் கூட்டைச் சுற்றியுள்ள நட்டுகளை விட்டதும், நானும் இன்னொருவரும் டிஃபரன்ஷியலைத் தாங்கி இறக்கினோம். அது நல்ல கனம். தனியாக வீரம் காட்டினால் விரல் போகும். கிரவுன் வீலில் பற்கள் பொக்கை விழுந்திருந்தன. உடைந்த பல் ஒன்று பினியனில் சிக்கியிருந்தது.

எங்கள் அதிர்ஷ்டம், தலவாக்கலைப் பக்கம் பள்ளத்தில் கவிழ்ந்து கழித்துப்போட்ட ஒரு ஜீப்பின் டிஃபரன்ஷியல் கிடைத்தது. அந்தக் காலத்தில் புதுச் சாமான் லேசில் வராது. கிடைத்தது என்று அப்படியே மாட்டிவிடவும் முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் புருஷன் பெண்டாட்டி சண்டைபோல ஆளுக்கொரு வேகத்தில் இழுக்கும். எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருந்தது.

ஆனால் மாட்ட மனம் வரவில்லை. ஊற்றிய ஆயில் எங்கே போனது? பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் ஷூ முழுதும் ஆயிலில் ஊறியிருந்தது. அந்தப் பிரேக்கோடு இந்த மனிதர் அந்த மலையில் இறங்கி ஏறியிருக்கிறார். ஆயில் கசியாமல் தடுக்கிற இரண்டு ஓரத்துச் சீலும் போய், பினியன் சீலும் போயிருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் போனால், உள்ளே சூட்டில் காற்றழுத்தம் ஏறி ஆயிலைப் பிதுக்கி வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காற்று போவதற்கு ஹவுசிங்கின் மேல் ஒரு சின்னக் குமிழ் உண்டு. பிரீதர் என்று பெயர். அதைத் தடவிப் பார்த்தேன். சேறு அப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். சேற்றுக்குக் கீழே மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே சிவப்பு. அதற்குக் கீழே மறுபடி மஞ்சள். கெட்டியாக இறுகியிருந்தது. ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர் தொட்டு உரசி முகர்ந்தேன்.

"அண்ணே, இது என்ன?"

வீராசாமி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சந்தனமுங்க பாஸ். ஆயுத பூசைக்கு நான்தான் வெச்சேன். வருசா வருசம் வெக்கிறதுதான்."

"இங்கயா?"

"முன்னால பானட்டுல எல்லாரும் வெக்கிறாங்க. மாலை போடுறாங்க. பின்னால, அடியில, பாரம் தாங்குற எடத்துக்கு யாருங்க வெக்கிறாங்க? அதான் நான் படுத்துக்கிட்டே உள்ள போயி வெச்சேன். அந்தக் குடுமி பொட்டு வெக்க வாகா நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! அது குடுமி இல்ல, மூக்கு! அது வழியாத்தான் இது மூச்சு விடுது. அடைச்சா ஆயிலைக் கக்கிரும்."

அந்த மனிதரின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. "மூக்கையாங்க அடைச்சேன்? இத்தனை வருசமாவா?" என்று கேட்டுவிட்டு, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விடுமே என்று அப்போது அவர் சொல்லவில்லை. வெறும் ஹவுசிங்கின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

3. துரையின் கேள்வி

ஹவுசிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புதுச் சீல், புதுப் பேக்கிங் போட்டு, டிஃபரன்ஷியலை ஏற்றி மாட்டினோம். ஆக்ஸில்களை உள்ளே தள்ளும்போது கொஞ்சம் திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். பல் பிடிக்கும் இடத்தில் தானாகப் போய் உட்காரும். சுத்தியலால் அடித்து உட்கார வைக்கிறவன் என் கராஜில் நிற்க முடியாது. பிரேக் ஷூவையும் மாற்றினோம். ஆயிலை வீராசாமியே ஊற்றினார். பிரீதரைக் கழுவி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. நான்கைந்து தடவை ஊதினார்.

அவரிடம் நான் சொல்லி வைத்தேன். "அண்ணே, தொரை கேட்டா மண்ணு அடைச்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். மேல மண்ணும்தானே இருந்துச்சு. நீங்க வாயைத் திறக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியவில்லை.

துரை வந்தார். உடைந்த கிரவுன் வீலைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் பிரீதரைக் காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"சரி. எதால அடைச்சது? மண்ணா?"

அவரே கேட்டுவிட்டார். நான் ஆமாம் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து வீராசாமியின் குரல் வந்தது.

"மண்ணு இல்லீங்க தொரை. சந்தனம். நான் வெச்சது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. வீராசாமி ஒன்றுவிடாமல் சொன்னார். பூசை, பானட்டு, யாரும் வைக்காத இடம், குடுமி, மூக்கு எல்லாம்.

துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியுமுங்க."

"வேலை போகும்னும் தெரியும்?"

"தெரியுமுங்க."

"பின்ன ஏன் சொன்னே?"

"சாமிக்கு முன்னால வெச்சு எடுத்த சந்தனமுங்க தொரை. அதைப் போயி மண்ணுன்னு எப்படிங்க சொல்றது?"

துரை கிரவுன் வீலைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனை மாத்தினா, அடுத்தவன் தன் பிழையைத் தானே என்கிட்ட சொல்வானா பாஸ்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச டிரைவர் யாரும் சொல்ல மாட்டாங்க தொரை," என்றேன். அது கலப்பில்லாத உண்மை.

துரை ஜீப்பில் ஏறி இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங் இருந்த சீட்டு காலியாக இருந்தது. வீராசாமிக்குப் புரியவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன பாக்கிறே? நான் ஓட்டவா? ஏறு!"

அந்த அதட்டலைப்போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீராசாமி ஏறினார். சாவியைப் போட்டதும் வண்டி ஒரு முறை உதறி நின்று, பிறகுதான் கிளம்பியது. மேட்டில் ஏறும்போது காதைத் தீட்டிக் கேட்டேன். பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. கண் கலங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மண்ணெண்ணெய் பட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

4. பிறகு

உடைந்த சாமானை மாற்றுவது பாதி வேலை. அது ஏன் உடைந்தது என்று தெரியாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில்தான் போகும். இதை எந்த மெக்கானிக்கும் உங்களுக்குச் சொல்லுவார்.

வீராசாமியிடம் நான் கற்றது வேறு. அத்தனை வருஷமும் அந்த ஜீப்பு ஏதாவதொரு கராஜுக்கு சர்வீஸுக்குப் போய் வந்திருக்கிறது. பிரீதர், பிரீதர் என்று மெக்கானிக்குகள் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அது என்ன என்று அவருடைய பாஷையில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மூக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உலகத்திலேயே சுத்தமான பிரீதர் அந்த ஜீப்பில்தான் இருந்திருக்கும்.

அதன் பிறகு புதிதாக யார் டிரைவராக வந்தாலும், முதலில் அவரை வண்டிக்கு அடியில் படுக்கவைத்து, நானும் பக்கத்தில் படுத்து, விரல் வைத்துக் காட்டுவேன்.

"இதுதான் மூக்கு. இதைத் தொடாதீங்க. ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கணும்னா, இதோ பக்கத்துல கன்னம் இருக்கு. இங்க வைங்க."