பெண் பார்க்க வந்தவர் சமைத்த பாஸ்தா

நான் வேலையால் வந்தபோது அம்மா பிரிட்ஜை முன்னுக்கு இழுத்துவிட்டு, அதன் பின்னால் செத்த எலி தேடிக்கொண்டிருந்தார். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தார். அது எலி இல்லை, நான் முதல் நாள் கொண்டுவந்து வைத்த சீஸ் என்று சொன்னேன். அம்மா விளக்குமாறும் கையுமாக அப்படியே நிமிர்ந்தார். அந்த விளக்குமாறு என் மேல் விழாமல் போனதற்கு ஒரே காரணம், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வரவிருந்ததுதான். சீஸ் அன்றிரவே ஒரு பைக்குள் போய் யன்னலுக்கு வெளியே தொங்கியது. காலையில் ஒரு காகம் வந்து, பையைப் பார்த்து, யோசித்துவிட்டுப் பறந்துபோனது. அதை அம்மா எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

சண்டைக் காலம் அது. நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா உயிரோடு இல்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த துண்டில் எங்கள் இரண்டு பேருடைய பெயர்கள் மட்டும்தான். நான் கோட்டைப் பகுதியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் வேலை செய்தேன். ஊரையெல்லாம் பிளேன் ஏற்றிவிட்டுப் பின்னேரம் நான் மட்டும் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பி வருவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

கலியாணப் புரோக்கர் கொண்டுவந்த சம்பந்தம் இத்தாலியில். மாப்பிள்ளை அங்கே பெரிய ரெஸ்டோரன்ட் ஒன்றில் தலைமைச் சமையல்காரர் என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கண் எங்கள் மேல் இல்லை, முறுக்குத் தட்டில் இருந்தது. எனக்கு அந்த ஆளின் வாயில் நம்பிக்கை வரவில்லை. என் சிநேகிதி ஒருத்தியை இப்படித்தான் ஹோட்டல் மனேஜர் என்று சொல்லிக் கட்டி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஹோட்டலும் இல்லை, வேலையும் இல்லை. ஏன் என்று கேட்டால் அடி. அவளுடைய டிக்கெட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன், திரும்பி வராத டிக்கெட். மாப்பிள்ளை என்ன வேலை செய்தாலும் எனக்குக் காரியமில்லை. ஒரு பொய்யனை நம்பிப் போய், மொழி தெரியாத ஊரில் அகப்பட்டுக்கொள்வதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

எங்கள் கந்தோருக்கு ஒரு இத்தாலிக்காரி டிக்கெட் மாற்ற வருவதுண்டு. ஒருவன் உண்மையாகவே உங்கள் ஊர்ச் சமையல்காரன்தானா என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் என்ன கேட்கலாம் என்று அவளிடம் விசாரித்தேன். அவள் சிரித்தாள். ஸ்பகெட்டியும் ஆட்டுப்பால் சீஸும் மிளகும் கொடுத்துச் சமைக்கச் சொல், வேறொன்றும் கொடுக்காதே என்றாள். வெங்காயம், எண்ணெய், தாளிதம் ஒன்றும் கிடையாது. பாஸ்தா அவித்த கஞ்சியில் கொஞ்சம் எடுத்து, அடுப்பை அணைத்துவிட்டு, சீஸைத் தூவிக் கலக்கினால் பால்போலக் குழைந்து வரும். அடுப்பை அணைக்காமல் போட்டால் திரண்டு ரப்பராகிவிடும். அடுத்த முறை வந்தபோது கடதாசியில் சுற்றிய சீஸ் துண்டொன்றையும் கொண்டுவந்து தந்தாள். அதுதான் எங்கள் வீட்டு எலி.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்கள். வழியில் செக்பொயின்ரில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கிச் சோதித்ததில் வெகுநேரம் சுணங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தலைமுடி புரோக்கர் காட்டிய படத்தில் இருந்ததில் பாதிதான் இருந்தது. பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது அவருடைய கைகளைக் கவனித்தேன். கத்தி வெட்டும் இல்லை, எண்ணெய் சுட்ட தழும்பும் இல்லை. விரல் நுனிகள் தோல் உரிந்து வெளிறிக் கிடந்தன. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

அக்கா பயத்தம் பணியாரத்தைக் கடித்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். கண்ணிமைக்காமல் என்னைக் காட்டினார் அம்மா. பஸ் ஓடுகிற காலி வீதியில் ஒரு கடையில் முதல் நாள் நான் வரிசையில் நின்று வாங்கி வந்த பணியாரம் அது. அக்காவுக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

“அக்கா, உங்கட தம்பி அங்க பெரிய குக் எண்டு கேள்விப்பட்டனாங்கள். அவற்ற கையால ஒருக்காச் சாப்பிட ஆசையாக் கிடக்கு. சாமானெல்லாம் வாங்கி வைச்சிருக்கிறன்.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். பெண் பார்க்க வந்தவனைக் குசினிக்குள் அனுப்புகிற வீடு எங்கே இருக்கிறது? ஆனால் அக்காவுக்குத் தம்பியின் பெருமையைக் காட்ட ஒரு வாய்ப்பு. எழும்படா, போய்ச் செய்து காட்டு என்று அவர்தான் பிடித்துத் தள்ளினார். மாப்பிள்ளை எழும்பினார். அவருடைய முகம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகமாக இருந்தது.

குசினியில் அவர் முதல் செய்த வேலை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவியது. பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஸ்பகெட்டியைப் போட்டார். நான் மிளகை உரலில் இடித்துக் கொடுத்தேன். அவர் அதைத் தாச்சியில் வறுத்தார். அதுவரைக்கும் பிழையில்லை. வாசலில் நின்று பார்த்த அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. மிளகை மட்டும் போட்டு ஒரு சாப்பாடா, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியம் மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்தார். கொஞ்சம் கறிவேப்பிலையாவது போடலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், சோறு வடிக்கிற பழக்கத்தில் சட்டியைத் தூக்கிச் சிங்கில் சரிக்கப் போனார்.

“மாமி, ஊத்தாதேங்கோ!”

மாமி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முன்னறையில் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா சட்டியை மெல்ல வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு அக்காவிடம் போய்விட்டார். நான் அசந்துபோனேன். கஞ்சியைக் கொட்டக் கூடாது என்று தெரிந்தவன் உண்மையான சமையல்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பாவமும் அறியாத மனிதனைச் சந்தேகப்பட்டேனோ என்று எனக்கு வெட்கமாகக்கூட வந்தது.

அவர் ஸ்பகெட்டியைத் தாச்சியில் போட்டு, ஒரு அகப்பை கஞ்சி விட்டு, கரட் துருவும் தகட்டில் சீஸைத் துருவி மேலே கொட்டினார். அடுப்பை அணைக்கவில்லை. அணைக்கச் சொல்ல எனக்கு வாய் உன்னியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கிண்டக் கிண்டச் சீஸ் திரண்டது, கயிறாக இழுபட்டது, கடைசியில் ஒரு பக்கம் ஸ்பகெட்டியும் மற்றப் பக்கம் அகப்பையில் ஒட்டிய ரப்பர் உருண்டையுமாக நின்றது. அவர் அடுப்பை நிற்பாட்டினார். முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் குக் இல்லை. அங்க சட்டி கழுவுறனான். தண்ணியை ஊத்தினதுக்கு வந்த புதிசில நல்லாப் பேச்சு வாங்கினனான், அதுதான் அது தெரியும். புரோக்கர் சொன்னது எனக்கு இஞ்ச வந்த பிறகுதான் தெரியும். அக்காவுக்கும் நான் சொல்லேல்லை.” பிறகு அந்த உருண்டையைப் பார்த்தார். “இது இப்பிடி ஒட்டினால் எப்பிடிக் கழுவுறது எண்டு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் பாவம், அவமானத்தில் நின்றவர், என்னைப் பார்த்து மெல்ல மெல்ல அவரும் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சம்பந்தம் வந்த நாளிலிருந்து என் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தக் குசினியில்தான் இறங்கியது. இவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் அவரிடம், பணியாரம் கடையில் வாங்கியது, எனக்குப் புட்டுக்கூட ஒழுங்காக அவிக்க வராது, புரோக்கர் சொன்ன என் வயதும் கொஞ்சம் குறைவு என்று சொன்னேன். வயதைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவர் காதில் விழாததுபோல நின்றார். அதுவும் எனக்குப் பிடித்தது.

ரப்பரைச் சின்னச் சின்னதாக வெட்டி, மேலே மிளகைத் தூவி, நான்கு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொண்டுபோனோம். அங்கே இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நான் சொன்னேன். அக்கா வெகுநேரம் சப்பினார். ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ருசி விளங்காது என்றார். அம்மா தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். மாப்பிள்ளை கோப்பைகளை வாரிக்கொண்டு எழும்பியவர் குசினியிலிருந்து திரும்பி வர நேரமெடுத்தது. போகும்போது அக்கா என் கையைப் பிடித்துச் சம்மதமா என்று கேட்டார். உங்கள் தம்பியின் சமையல் எனக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது என்றேன். மாப்பிள்ளை குனிந்து சப்பாத்துக் கட்டுகிற சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு அம்மா குசினிக்குள் நின்று சட்டியை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்த சட்டி அது, அடியில் எப்போதும் ஒரு கறுப்பு இருக்கும். இப்போது அது இல்லை.

“சமைக்கிற ஆம்பிளை இப்பிடிச் சட்டி கழுவமாட்டான், பிள்ளை.”

“ஓம், அம்மா.”

“உனக்குச் சொன்னவரோ?”

“நான் கேக்க முன்னமே சொல்லிப்போட்டார்.”

“பலகாரம் கடையில வாங்கினது எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“நான் சொன்னனான்.”

அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப சரி. புரோக்கரை வரச் சொல்லு. அந்தாளுக்கு மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதை.”