இடது பெட்டியில் கழன்றிருந்த ஒயர்

ஈயம் உருகிப் பளபளத்ததும் வலது கை சால்டரிங் அயர்னை மெல்ல விலக்கிக்கொண்டது. இடது கை கெப்பாசிட்டரின் காலை இடுக்கியால் பிடித்தபடியே இருந்தது. ஐந்து எண்ணும்வரை இரண்டு கைகளும் அசையவில்லை. ஈயம் இறுகுமுன் ஆட்டிவிட்டால் ஒட்டு வெளிறி வலுவிழந்துவிடும்.

கைக்குச் சொந்தக்காரி, முன்னறையில் ஸ்பீக்கர் சரிசெய்பவள். என்றோ கரகரத்த வீட்டுப் பெட்டியைத் திறந்தவள் இருபது வருடமாக மூடவே இல்லை என்பார் கணவர். அவர் அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுக்குக் கை, அவருக்குக் காது என்பது வீட்டில் பேசாமலே ஏற்பட்ட பாகப்பிரிவினை. அவள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று பாட்டை ஓட்டுவாள். ஜன்னலோர நாற்காலியிலிருந்து அவர் தலையசைத்தால்தான் எந்தப் பெட்டியும் வாசலைத் தாண்டும்.

இன்றைக்கு வந்திருப்பது பல் டாக்டருடைய ஜோடி. பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் பலகைதான் கனத்த சத்தத்தைப் பெரிய கூம்புக்கும் கூர்மையான மேல் சத்தத்தைக் குட்டி ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது. அதிலிருந்த பழைய கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தன. புதியவை நல்ல ரகம், ஆனால் அதிலும் ஒரு வம்பு உண்டு. பழையதில் இருந்த சிறு தடை இதில் இல்லாததால் ட்வீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். ஒரு சின்ன ரெசிஸ்டர் சேர்த்து அதை அடக்க வேண்டும். எத்தனை ஓம் என்பதை இந்த வீட்டில் காதுதான் முடிவு செய்யும்.

பலகை ஒயர்களில் தொங்கியதால் அவள் இடது பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தே அதில் மட்டும் பாட்டை ஓட்டினாள்.

"எப்படிங்க இருக்கு?"

"இப்பதான் கண்ணாடி மாதிரி இருக்கு. இப்படியே மூடிடு."

குனிந்தவள் பார்த்தாள். ட்வீட்டருக்குப் போகவேண்டிய சிவப்பு ஒயர் தனியாகத் தரையில் கிடந்தது. மந்தமாகக் கேட்டதைப் பின்பக்கம் உட்கார்ந்த குறை என்றே நினைத்திருந்தாள்.

சத்தமில்லாமல் ஒயரை மாட்டினாள். "இன்னொரு தடவை கேளுங்க."

"அதேதான். சும்மா நோண்டாத."

சொன்னால் அந்த நாற்காலிக்கு இனி வேலையில்லை. சொல்லாவிட்டால் பெட்டி தப்பாகப் போகும். நாலு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார்.

எழுந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாடற பொண்ணு 'ஸ' சொல்றப்ப காதுல குத்துதாங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "குத்துற மாதிரிதான் இருக்கு."

"மாதிரின்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு வருஷமா எனக்கு அந்த மேல் சத்தமே கேக்கறதில்ல. நீ பேசறது கேக்குது. குருவி கத்துனா கேக்கல."

"அப்ப இத்தனை பெட்டிக்கும் எப்படித் தலையாட்டுனீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துதான். குத்துச்சுன்னா உன் இடது புருவம் ஏறும். சரியாயிட்டா வாய் லேசா தொறந்துக்கும். இன்னிக்கு நீ பெட்டிக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்ட, நான் என்ன பண்றது?"

"ரெண்டு வருஷம் என்னை ஏமாத்திருக்கீங்க."

"ஒரு பெட்டியாவது திரும்பி வந்துச்சா?"

வரவில்லைதான். அவள் அவருடைய முழங்காலில் கையை வைத்தாள்.

அவரே எழுந்தார். "நீ உக்காரு. ரெசிஸ்டர நான் மாத்தறேன்."

அந்த நாற்காலியில் அவள் உட்கார்வது அதுதான் முதல்முறை. அவர் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, அவள் சொல்லச் சொல்ல ரெசிஸ்டரைக் கிளிப்பில் மாட்டினார். ஒரு ஓம் வைத்ததும் பாட்டு களைத்துப்போனதுபோலச் சோர்ந்தது. அரை ஓமுக்கு மாற்றினார். குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து அறை நடுவில் நின்றது.

பெட்டிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "வாய் தொறந்துடுச்சு."

"உங்க வாயை மூடிக்கிட்டு ஒயரைப் பிடிங்க."

வலது பெட்டியிலும் அதையே வைத்துப் பற்றவைத்து, ஒருமுறை கேட்டு, இரண்டையும் மூடினாள்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்ததும் வழக்கம்போல நாற்காலியைத்தான் பார்த்தார். "சார் என்ன சொன்னாரு அக்கா? பாஸா?"

கணவர் அவளைப் பார்த்தார்.

"நான் கேட்டேன் டாக்டர். நல்லா இருக்கு," என்று சொல்லி, இடது பெட்டியைத் தூக்கி டாக்டருடைய இரண்டு கைகளிலும் வைத்தாள்.