வெயில் கேட்காத செடிகள்

தாராவியில் சாலையை அகலப்படுத்துவதற்காக கோலி என்று நாங்கள் சொல்கிற எங்கள் ஒற்றையறை வீட்டை இடித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் செம்பூரில் ஒரு வீடு கொடுத்தார்கள். முதல் மாடி. வீட்டுக்குள்ளேயே குழாய், கக்கூஸ், டைல்ஸ் தரை. சாவி வாங்கிய அன்று என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி எல்லாக் கதவையும் திறந்து திறந்து மூடினார். ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பட்டப்பகலிலும் ட்யூப்லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும்.

எனக்கு முதல் நாளே அந்த இருட்டு பிடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காக அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்தவள் நான். எப்படி வாயைத் திறப்பது? ஒரு துளசி வாங்கி வைத்தேன். வெளுத்து, இலை கொட்டிச் செத்தது. ரோஜா அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. நர்சரிக்காரனிடம் கேட்டால் எதைக் காட்டினாலும் "சலேகா, சலேகா" என்பான், இருட்டிலும் தாங்கும் என்று. அவனுக்கு விற்றால் போதும்.

அப்புறம் நானே கொன்று கொன்று கற்றுக்கொண்டேன். மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை, தடித்த இலை மின்னும் ஜீஜீ செடி, இவை மூன்றும்தான் எங்கள் இருட்டைப் பொறுத்துக்கொண்டன. வெள்ளை வரி போட்ட இலை கடையில் அழகாக இருக்கும், வீட்டுக்கு வந்தால் வரி மங்கி வெறும் பச்சையாகிவிடும். இருட்டில் இருக்கும் செடி அதிகம் தண்ணீர் குடிக்காது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். இலையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தூசி தின்றுவிடுமே.

செடிகள் பிழைத்துக்கொண்டன. எங்கள் மகளுக்குத்தான் இருமல் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. சளி என்று நினைத்தோம், டிபி என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது. கடைசியாகப் பார்த்தபோது டாக்டர், "காற்றும் வெளிச்சமும் வருகிற வீடாகப் பாருங்கள், திரும்பவும் படுத்துவிடக் கூடாது" என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் ராத்திரியும் பகலும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டை மாற்றுவோம் என்றேன்.

அவர் மணி பிளாண்டைக் காட்டினார். "செடியே இம்புட்டு செழிப்பா நிக்கு. பிள்ளைக்கு மட்டும் ஒத்துக்காமப் போயிருமா? சொந்த வீட்டை விட்டுட்டு எவன் வீட்டுலயோ போய்க் கிடக்கணுமாக்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியைத் தூக்கிக் கீழே போட்டிருப்பேன். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. அதன் பிறகு எத்தனையோ முறை பேச்செடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கண் அந்தக் கொடிக்குத்தான் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தோல் பட்டறையில் கூட வேலை பார்க்கும் அண்ணாச்சி எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. அலமாரியிலிருந்து சுவரைச் சுற்றி வாசல்வரை போயிருந்த கொடியைக் காட்டி, "இவ இருட்டு இருட்டுன்னு உயிர வாங்குதா. எப்படி ஓடியிருக்குன்னு பாரும் வே" என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். டீ கொண்டுவந்த மகளைப் பார்த்து, "பிள்ளையும் நல்லா நெடுநெடுன்னு வளந்துட்டாளே" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அது வளரல அண்ணாச்சி, வெளிச்சத்தைத் தேடி ஓடுது. இலைக்கும் இலைக்கும் நடுவுல எம்புட்டு வெறுந்தண்டு கிடக்குன்னு பாருங்க. வெளிச்சம் கிடைச்சா நெருக்கமா இலை விட்டுக்கிட்டு ஒரு இடத்துல நிக்கும். இவளும் அப்படித்தான் நீளுதா. உடம்புல சதையே இல்ல."

மகள் டீ தட்டோடு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி ஆறுவதற்கு முன்பே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். விருந்தாளி முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று இவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ கொடியின் நுனியிலிருந்து தொட்டிவரை ஒவ்வொரு இலையாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"கல்யாண்ல ஒரு கோலி வாடகைக்கு இருக்குன்னு ஒருத்தன் சொன்னான். போய்ப் பாப்போம்" என்றார்.

கல்யாண் வீட்டில் கிழக்கே பெரிய ஜன்னல். காலை வெயில் கட்டில்வரை வந்து விழுகிறது. குடிவந்த அன்றே, இத்தனை நாள் ஏங்கிய செடிகளாயிற்றே என்று மூன்று தொட்டிகளையும் ஜன்னலில் வரிசையாக வைத்தேன். சில நாட்களிலேயே இலைகளில் தீய்ந்த தோசை மாதிரி பழுப்புத் திட்டு. இருட்டில் பழகியதை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் கருகிவிடும் என்பதையும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் உள்மூலைக்கு நகர்த்திவிட்டேன். ஜன்னல் மகளுக்கு என்றானது. கறுத்துப் போகிறேன் என்று சிணுங்கிக்கொண்டே அங்கே உட்கார்ந்து படிக்கிறாள். இருமல் இல்லை. வளையல் மணிக்கட்டிலேயே நிற்கிறது.

கல்யாணிலிருந்து பட்டறை வெகுதூரம், அவர் இருட்டோடு எழுந்து ரயிலுக்கு ஓடுகிறார். தாராவிப் பட்டறையில் பகலெல்லாம் ட்யூப்லைட். திரும்பி வரும்போது வெளியே பொழுது இறங்கியிருக்கிறது. வாரத்தில் ஆறு நாளும் அவர் மேல் வெயில் படுவதே இல்லை. எனக்கு இது உறைக்க ரொம்ப நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் உள்மூலையில், அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில்தான் பாயை விரிக்கிறார். நான் பாயோடு இழுத்து ஜன்னலோரம் போடுகிறேன்.

"கண்ணு கூசுது, அந்த ஸ்கிரீன இழுத்து விடுளா" என்கிறார்.

நான் இழுத்து விடுவதில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.