யூசுப் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்

பர்வீன் போனிலிருந்து வந்த அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. தமிழ்ச் சொல்லைப் பாதியில் முறித்து, கொஞ்சம் நின்று, மீதியைச் சொல்லும் குரல்...

மேலப்பாளையத்தில் யூசுப் வீட்டு மாடி அறை. நானும் அவனும் காலேஜ் கடைசி வருஷம். அவன் தங்கச்சி பர்வீனுக்குக் கண் தெரியாது. டீச்சர் பரீட்சைக்குப் போன் வாசிக்கக் கேட்டுத்தான் படிப்பாள்.

"அண்ணே, இது வாசிக்குதா, திக்குதா?" என்று சிரிப்பாள். எங்களுக்குச் சிரிப்பு வராது.

போனை வாசிக்க வைக்கும் அந்த மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். யாரும் திருத்தி, 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். நடத்துகிற வெளிநாட்டுக்காரர் ஏற்றுக்கொண்டால் எல்லார் போனுக்கும் போய்விடும்.

யூசுப் அந்த முறிவைச் சரிசெய்தான். அதோடு விட்டானா? எண், தேதி, மெனு என்று கண்ணில் பட்ட தப்பையெல்லாம் திருத்தி, ஒரே புல் ரிக்வெஸ்டில் அடைத்துவிட்டான்.

"இம்புட்டையும் ஒண்ணாவாலே?"

"ஒருத்தருக்குக் குடுக்கப் போறோம். கிள்ளியாலே குடுப்பாவ?"

அவன் வீட்டுப் பழக்கம் அது. எங்கள் வீட்டுப் பாத்திரம் அங்கே போனால், அவன் உம்மா வழிய வழியப் போட்டுத்தான் திருப்பி அனுப்புவார்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. 'நன்றி. இவ்வளவு பெரியதை என்னால் சரிபார்க்க முடியாது. தனித்தனியாகப் பிரித்து அனுப்புங்கள்.'

யூசுப் முகம் செத்துவிட்டது. "குடுத்தத திருப்பித் தாரான்லே."

கெஞ்சினேன். பைய இறங்கிவந்தான். "சரி, நோன்பு முடியட்டும்" என்றான். அதற்குள் துபாய் விசா வந்துவிட்டது. மாமா கடையில் வேலை.

நானே பிரிக்கப் பார்த்தேன். ஒன்றை உருவினால் இன்னொன்று உடைந்தது. அவன் மனசில் போட்டிருந்த கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

பர்வீன் தேறவில்லை. போன் மேல் அவள் பழி போடவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை. அப்புறம் அவள் பரீட்சையே எழுதவில்லை.

இன்று ஆபீசில் புதுப் பிள்ளைகளிடம், "சின்னச் சின்னதா அனுப்புங்க" என்று நானே சொல்கிறேன்.

அந்த வெளிநாட்டுக்காரர் மென்பொருளின் பக்கத்தையே பூட்டிவிட்டு ஒதுங்கிவிட்டார். உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், ஆனால் இனி யாரும் எதையும் சேர்க்க முடியாது. யூசுப் அனுப்பியது மட்டும், இன்னும் முடிவாகவில்லை என்று காட்டும் 'ஓப்பன்' என்ற பச்சை அடையாளத்தோடு அப்படியே கிடக்கிறது.

லீவில் வரும்போதெல்லாம் ஆத்துப்பாலத்தில் நின்று கேட்பான்.

"அத சேத்துட்டானாலே?"

"இன்னும் ஓப்பன்லதாம்லே இருக்கு."

பொய்யில்லையே...

போன வாரம் வந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அதே பாலம். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் கேட்கவில்லை.