வெல்டரின் கையுறை

எங்கள் தெருவில் கேட் உடைந்தாலும் ஜன்னல் கம்பி இற்றுப்போனாலும் வெல்டரைத்தான் கூப்பிடுவோம். கைசுத்தமான வேலைக்காரர். தன் மேல் தப்பே வராது என்கிற நினைப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நாயைக் கொண்டுவந்தது அவர் மனைவி. அந்தம்மா ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். கண்ணுக்கே தெரியாத நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவார். நாய்கள் காப்பகத்தில், எடுத்துப்போன இரண்டு வீடுகள் திருப்பி அனுப்பிய நாய் ஒன்று கிடந்தது. குட்டியும் இல்லை, முழு நாயும் இல்லை, விடலைப் பருவம். மனசு கேட்காமல் கூட்டிவந்துவிட்டார். "சோத்துக்கு ஒரு ஆள் கூடிடுச்சு" என்று முனகிய வெல்டர்தான், கொஞ்ச நாளில் அதற்குத் துரை என்று பெயரும் வைத்தார்.

வீட்டை ஒட்டியே பட்டறை. மாலையில் வேலை முடிந்ததும் துரை பாய்ந்து வரும். முழங்கைவரை நீளும் தோல் கையுறையைக் கழற்றாமலே அதன் வாயில் கையைக் கொடுப்பார். அது கவ்வி உலுக்கும், இவர் இழுப்பார். வேடிக்கை பார்க்கிறவர்களிடம் "பூ மாதிரி பிடிக்கிறான் பாருங்க" என்பார்.

வீட்டுக்குள் கதை வேறு. தட்டை வைக்கக் குனிந்தால் அந்தம்மாவின் கையைக் கவ்வும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுக்கும். ஒருநாள் ஆள்காட்டி விரலில் பல் இறங்கித் தையல் போடவேண்டியதாகிவிட்டது. காயம் ஆறும்வரை ஊசியைத் தொடவேண்டாம் என்று அவரை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள்.

"தையல் பிரிக்கிறதுக்குள்ள இவன் திருந்தலைன்னா திருப்பி விட்டுடலாம்" என்றார் அந்தம்மா. "மறுபடி திரும்பி வந்த நாயை யாரும் எடுக்க மாட்டாங்க. அதுவும் தெரிஞ்சுதான் சொல்றேன்."

"உனக்கு அவன்கிட்ட பழகத் தெரியலை. என்னை ஒரு தடவை கடிச்சிருக்கானா?"

அந்தம்மா கட்டுப்போட்ட விரலை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். அதுதான் வெல்டருக்கு உறுத்தியது.

துரையை மிருக வைத்தியரிடம் கூட்டிப்போய், அங்கும் இதையே சொன்னார். அந்த டாக்டர், வயதில் இளைய பெண், "எப்படி விளையாடுவீங்க, காட்டுங்க" என்றார். வெல்டர் இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்து மாட்டினார்.

"அதைக் கழட்டிட்டு."

கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். துரை வழக்கம்போலக் கவ்வியது. வெல்டரின் முகம் கோணிப்போனது.

"தினமும்தான் உங்களைக் கடிக்கிறான். உங்களுக்குத்தான் உறைக்கலை. கைன்னா கடிக்கிற சாமான்னு நினைச்சுட்டான், பாவம். கயிறு கொடுங்க. கையில பல் பட்டா இழுக்காதீங்க, கத்தாதீங்க, அடிக்கவே கூடாது. அசையாம இருங்க. விட்டதும் எழுந்து போயிடுங்க. பல் பட்டா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவனுக்குப் புரியணும்."

அதற்கப்புறம் விளையாட்டுக்குக் கையுறை வரவில்லை. மாலையில் வெறுங்கையோடு, ஒரு பழங்கயிற்றை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஆரம்பத்தில் துரை முன்னைவிட மூர்க்கமாகக் கவ்வியது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கையெல்லாம் தடம். கேட்டவர்களிடம் கம்பி கீறிவிட்டது என்று சமாளித்தார். ஒருநாள் மனைவி மருந்து தடவிக்கொண்டே கேட்டார்.

"வலிக்குதா?"

"ம்."

"எனக்கும் வலிச்சுது."

"தெரியாம பேசிட்டேன்மா" என்றார் வெல்டர். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

போகப்போக துரை கையை விட்டுக் கயிற்றைத் தேட ஆரம்பித்தது. ஆனால் அதெல்லாம் வெல்டரின் கையோடு சரி. தையல் பிரித்து வந்த மாலை, அந்தம்மா பட்டறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதே விரலை நீட்டினார்.

"வேணாம்மா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"நாளைக்கு நான் ஊசி பிடிக்கணும். இவன் இருக்கானா போறானான்னு இன்னைக்கே தெரிஞ்சாகணும்."

துரை மோந்து பார்த்தது. வாயைத் திறந்து விரலைக் கவ்வியது. அந்தம்மா அசையவில்லை. துரை விரலை விட்டது. திரும்பிப் போய், மூலையில் கிடந்த கயிற்றை இழுத்துவந்து அந்தம்மாவின் காலடியில் போட்டது. அந்தம்மா ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் கலங்கிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தையல் பிரிக்க மனைவியோடு போனதில், அன்று பகல் முழுக்கப் பட்டறை பூட்டிக்கிடந்தது.