வேலையில்லாத நாள் மாத்திரை

மேஸ்திரியம்மாவின் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் ஆறோ ஏழோதான் குறைந்திருந்தன. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் நர்சம்மாதான். மேஸ்திரியம்மாவோ இருபது பெண்களைக் களையெடுக்கவும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவும் கூட்டிப்போகிறவர். அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்குகிறவருக்கு ஒரு மாத்திரையை விழுங்கக் கசக்கிறதா என்று கேட்டே விட்டேன்.

"போடறேன் நர்சம்மா. வேலைக்குப் போவாத அன்னிக்குப் போடறேன்" என்றார், எனக்கு ஏதோ சலுகை காட்டுவதைப் போல.

எனக்கு வாய் அதிகம். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயை விட வேண்டும், வெயிலில் நிற்கிறவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று அவர்கள் தெருவிலேயே நின்று பொழிந்து தள்ளினேன். பெண்கள் தலையாட்டினார்கள். அடுத்த மாதமும் அட்டைகள் அப்படியே இருந்தன. சொன்னால் கேட்காத ஜனம் என்று வீட்டில் வந்து அலுத்துக்கொண்டேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் விடிந்ததும் ஊரே கொல்லைக்குப் போய்விடும்; எங்கள் பக்கம் கொல்லை என்றால் வயல்தான். அதனால் ஒருநாள் பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நானே கொல்லைக்குப் போனேன். வெயிலுக்கு இதமாக யாரோ கொடுத்த மோரை இரண்டு சொம்பு குடித்தேன். பத்து மணிக்கெல்லாம் அடிவயிறு முட்டியது. சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் முழங்காலுக்குக் கீழே நிற்கும் செடிகள். ஒரு பக்கம் பஸ் போகும் ரோடு, மறுபக்கம் டிராக்டரோடு ஆண்கள். நான்கு சுவர் என்று இருந்தது மோட்டார் கொட்டாய் ஒன்றுதான். ஒயர் திருடு போகிறதென்று அதையும் பூட்டி வைத்திருந்தார்கள்.

மேஸ்திரியம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "இன்னா நர்சம்மா, தண்ணி ஜாஸ்தி குடிக்கச் சொன்னீங்களே, எங்க போறதுன்னு சொல்லலியே" என்றார். பெண்கள் சிரித்தார்கள். "அந்த மாத்திரைய போட்டா நாலு தபா வருது. அதான் கொல்லைக்கு வர்ற அன்னிக்கு மாத்திரையும் கெடையாது, தண்ணியும் கெடையாது."

நான்கு பேர் முந்தானையை விரித்துப் பிடித்து எனக்கு மறைப்புக் கட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவர்களையா இத்தனை நாள் திட்டினோம் என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே டாக்டரிடம் சொன்னேன். அவர் வேறு மாத்திரை எழுதி, மேஸ்திரியம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். அதற்குள் அந்தம்மா தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தார். ஆள் கேட்டு வந்த அடுத்த கொல்லைக்காரரிடம், மோட்டார் கொட்டாய் சாவியைக் கொடுத்தால்தான் ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்.

"ஒயரு காணாமப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க."

மண்ணில் ஈரம் காய்வதற்குள் பிடுங்கியாக வேண்டும். அவர் முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அன்று பெண்கள் பம்பு செட்டில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். அதன்பின் அந்தப் பக்கத்தில் ஆள் கேட்டு வருகிறவர்கள் கையோடு சாவியையும் கொண்டுவரப் பழகிவிட்டார்கள்.

இதற்கிடையே பரிசோதனை முடிவு வந்தது. பல வருடப் பிரஷர் இரண்டு கிட்னியையும் பாதிக்கு மேல் கெடுத்திருந்தது. நான் ஒரு வருடம் முன்னாலேயே அந்தக் கொல்லைக்குப் போயிருக்க வேண்டும்.

மீதியும் மெல்ல மெல்லப் போனது. இப்போது அவர் வேங்கிக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன தண்ணீரை மகள் ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைத்திருந்தாள். மேஸ்திரியம்மா உதட்டை நனைத்துக்கொண்டு, கட்டிலுக்கு எதிரே இருந்த கதவைக் காட்டினார்.

"நாலு எட்டுல பாத்ரூம் இருக்குது நர்சம்மா. இப்பப் போயி தண்ணி கம்மியா குடின்றாங்க."