கரண்ட் இல்லாதபோது பொருத்திய வடிகட்டி

யாங்கூனில் தின்கன்ஜூன் பகுதியில் குடியிருக்கிறோம். குழாய்த் தண்ணீர் பழுப்பாக வருகிறதே என்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பொருத்தும் வடிகட்டி வாங்கினோம். விளக்கத்தாள் முழுவதும் தாய்லாந்து மொழியில் இருந்தது. பிளம்பரோ வருகிறேன் வருகிறேன் என்று ஏய்த்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு என் கணவரே ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டார்.

வழக்கம்போல் அன்றும் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் நூல்போலத்தான் வந்தது. அதை வைத்தே சோதித்துவிட்டு, "பார், ஒரு சொட்டு ஒழுகல. பிளம்பர் வேணுமாம், பிளம்பர்" என்றார்.

"மோட்டார் ஓடுறப்போ ஒருதரம் பார்க்க வேணாமா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மாலையில் தெருப் பிள்ளைகள் "மீ லாபீ" என்று கத்தினார்கள். கரண்ட் வந்தால் இங்கே அப்படித்தான் கத்துவார்கள். சுவிட்ச் போட்டபடியே இருந்ததால் மோட்டார் தானாக ஓடியது. அந்த வேகத்தில் வடிகட்டியின் இணைப்பு பிய்த்துக்கொண்டு, தரையில் வைத்திருந்த ஸ்டெபிலைசர் மேல் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சத்தம் கேட்டு என் மகள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். தேங்கிய தண்ணீரில் கால் வைக்கப் போனவளைச் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, கூடத்தில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"ஏம்மா சடையப் பிடிச்சு இழுக்குறே? நான் என்ன செஞ்சேன்?" என்று அழுதாள்.

இப்போது ஸ்டெபிலைசர் சுவரில் உயரமான பலகையில் இருக்கிறது. கரண்ட் போனவுடன் மோட்டார் சுவிட்சை நானே அணைக்கிறேன். வடிகட்டியை இறுக்கமாக மாட்டியாயிற்று என்று கணவர் சொல்கிறார். ஆனாலும் மோட்டார் ஓடும்போது மகளைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை.